எல்லா மரமும் முருங்கை ஆகுமா?

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் விருதுநகர்ச் சீமையில் வீடுகளுக்கெல்லாம் தனிக்களை வந்துவிடும். சுவருக்குப் புது வண்ணம், கதவுக்கு வார்னிஷ், பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்று வேலைகள் வரிசையாக நடக்கும். அந்த வரிசையில் வாசல் மரத்துக்கும் ஒரு முடிவெட்டு உண்டு. அரிவாளோடு ஒருவர் வருவார். அரை மணி நேரத்தில் மரம் மொட்டையாகிவிடும். உச்சி போய், கைகள் போய், நடுத்தண்டு மட்டும் நட்டுவைத்த கம்பம்போல் நிற்கும். "இப்போதுதான் வீடு பளிச்சென்று இருக்கிறது" என்று வீட்டார் மகிழ்வார்கள்.

அந்த மகிழ்ச்சியில் எங்களால் பங்குகொள்ள முடியவில்லை. மரத்தைத் தொடவே கூடாது என்று வாதாட நாங்கள் முன்வரவில்லை. சின்ன வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் மரத்துக்குக் கவாத்து தேவைதான். ஆனால் கவாத்து வேறு, மொட்டையடிப்பது வேறு. எந்த மரத்தை, எதற்காக, எந்த இடத்தில், எந்த மாதத்தில் வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுவது கவாத்து. கை போன போக்கில் வெட்டுவது மொட்டையடிப்பு. முன்னது மரத்துக்கும் வீட்டுக்கும் நன்மை. பின்னது இருவருக்கும் நட்டம். இதுவே எங்கள் கருத்து. இதற்கான காரணங்களைப் பெற்றோர் முன்னும், அருட்சகோதரிகள் முன்னும், தோழியர் முன்னும் பணிவோடு வைக்கிறோம்.

முதலில் எந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். பள்ளி வாயிலிலும், கோயில் முற்றத்திலும், வசதியான வீடுகளின் மதிலை ஒட்டியும் ஊசிபோல் உயர்ந்து, இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறதே, அந்த மரம்தான். நம்மில் பலர் அதை அசோக மரம் என்கிறோம். உண்மையில் அதன் பெயர் நெட்டிலிங்கம். இராமாயணத்தில் சீதை சிறையிருந்த வனத்துக்குப் பெயர் தந்த அசோகம் வேறு. அது செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நெட்டிலிங்கத்தின் பூ இளம்பச்சையாக, சிறு நட்சத்திரம்போல் இருக்கும். இலைக்குள் ஒளிந்திருப்பதால் பூத்ததே பலருக்குத் தெரியாது. தாவரவியலில் நெட்டிலிங்கம் சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சீதையின் மரம் அது, சீத்தாப்பழத்தின் உறவு இது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம். நேராகவும் இலேசாகவும் வளர்வதால் அக்காலத்தில் கப்பல்களுக்குப் பாய்மரமாக இதை நிறுத்தினார்கள். விட்டுவிட்டால் 40 அடிக்கு மேலும் போகும். ஆண்டு முழுவதும் பச்சை மாறாது. இளந்தளிர் செம்பு நிறத்தில் மின்னும். கோடைக்குப் பின் பழுக்கும் கருநீலப் பழங்களைத் தேடிக் குயிலும் வௌவாலும் வரும். கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகள் வைத்த ஒரு வண்ணத்துப்பூச்சி இதன் இலையில்தான் முட்டையிடும். கிறிஸ்துமஸ் குடிலுக்கும், திருவிழாத் தோரணத்துக்கும் நாம் தேடிப் போவதும் இதன் இலைகளைத்தானே? ஓரடி அகல இடத்தில் இத்தனை உபகாரம் செய்யும் மரம் இது.

அப்படியிருக்க, இதன் உச்சியை ஏன் வெட்டுகிறோம்? எங்களுக்குத் தோன்றும் காரணம் ஒன்றே. நம் கை வேறு மரங்களில் பழகிய கை.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். பின்பாதியைப் பிறகு பார்ப்போம். முன்பாதி முற்றிலும் உண்மை. முருங்கை ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடி முருங்கையை இன்று தெரியாத விவசாயி இல்லை. செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிடுகிறார்கள். மறுபடி தளிர்த்து மறுபடி காய்க்கிறது. ஏனெனில் முருங்கை புதுக்கிளையில் காய்க்கும் மரம். ஒடிப்பது அதற்குத் தண்டனை ஆகாது. அதனிடம் காய் கேட்கும் முறை அது.

அடுத்து நம் கண்மாய்க்கரையெல்லாம் படர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அதை அடியோடு வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினாலும் தூரிலிருந்து மீண்டும் கிளம்பும். நம் பக்கத்துக் கரிசலில் அரிவாள் பிடிக்கும் கைகளெல்லாம் இந்த மரத்தில்தான் பயின்றவை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டியும் அப்படியே. "வெட்டினால் துளிர்க்கும்" என்பது நம் மண்ணில் ஒரு வேதவாக்காகவே ஆகிவிட்டது.

கத்தோலிக்கப் பள்ளியில் பயிலும் நமக்கு இன்னொரு நினைவும் வரும். யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கவாத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் காட்டியது திராட்சைக் கொடியை அன்றோ? கம்பம் பள்ளத்தாக்குக்குச் சென்றவர்கள் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களைக் கண்டிருப்பார்கள். 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குரு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படும் திராட்சை அது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தக் கொடியைக் கவாத்து செய்தால், வரும் புதுத்தளிரிலேயே பூங்கொத்தும் வந்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். கவாத்து செய்யாத கொடி இலையாகவே ஓடும். ஆகவே அந்த உவமை திராட்சைத் தோட்டக்காரரின் தொழிலறிவின்மேல் நிற்பது. அவர் தம் கொடியை அறிந்தவர். அறிந்தவரின் கையில் உள்ள கத்தியைக் காட்டி, அறியாதவரின் அரிவாளுக்கு நியாயம் தேடலாமா?

"தேயிலையும் பச்சை மாறாத மரம்தானே? அதை இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருக்கிறார்களே?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தேயிலை விட்டால் மரமாகவே வளரும். நீலகிரியிலும் வால்பாறையிலும் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்துதான் புதராக வைத்திருக்கிறார்கள். ஆனால் எப்படிச் செய்கிறார்கள்? கவாத்துக்கு முன் வேரை வெட்டி அயோடின் கரைசலை விட்டுப் பார்க்கிறார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டின்மேல் அயோடினை விட்டதும் கருநீலமாகுமே, அதே சோதனைதான். வேரில் மாவுச்சத்து போதுமான அளவு இருந்தால்தான் கத்தியை எடுப்பார்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். வெட்டும்போதும் ஒன்றிரண்டு இலைக்கிளைகளை மூச்சுக்கென்று விட்டுவைப்பதுண்டு. கூலிக்கும் இலைக்கும் கணக்குப் பார்க்கும் தோட்டத்தில்கூட இத்தனை நிதானம்! நம் வாசலில் நிற்கும் மரத்துக்கு அதில் பாதியேனும் காட்டக் கூடாதா?

நெட்டிலிங்கத்திடம் நாம் காயும் கேட்கவில்லை, கொழுந்தும் கேட்கவில்லை. நிழலும் குளிர்ச்சியும் அழகும்தான் கேட்கிறோம். இம்மூன்றும் இருப்பது இலையில். இலைதான் மரத்தின் அடுப்படி. கிளையும் தண்டும் அதன் தானியக் குதிர். மொட்டையடிக்கும்போது அடுப்படியையும் குதிரையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறோம். அதன் பிறகும் மரம் துளிர்க்கிறது என்பது உண்மையே. ஆனால் அது பசியில் எழுந்த துளிர். உயிர் தப்புவதற்காக மிச்சமுள்ள கையிருப்பையெல்லாம் செலவழித்து மரம் அனுப்பும் துளிர் அது.

அந்தத் துளிர்களைக் கவனித்துப் பாருங்கள். வெட்டுவாயைச் சுற்றி நாலைந்து கிளைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மேலே கிளம்பும். ஊசிபோல் நின்ற மரம் துடைப்பம்போல் ஆகிவிடும். இயல்பாக வளர்ந்த கிளை, தண்டின் உள்ளிருந்து ஆண்டுதோறும் பின்னிப் பிணைந்து வளர்ந்தது. இந்தப் புதுக்கிளையோ தண்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. கனத்ததும் காற்றில் பிய்த்துக்கொண்டு விழும். ஐப்பசி, கார்த்திகைப் புயல்காற்றில் பலமான மரம் நிற்க, மொட்டையடித்து வளர்ந்த மரம் முறிவதன் இரகசியம் இதுவே. உயரத்துக்குப் பயந்து வெட்டியவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே உயரத்தை, அதைவிட ஆபத்தான கிளைகளோடு, மீண்டும் காண்கிறார்கள். கூலியும் மீண்டும் கொடுக்கிறார்கள்.

அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து, காயம்பட்ட மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2006-இல் மறைந்தார். அவர் கண்டு சொன்னது இது: நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பிக்கொள்கிறது. பிறகு அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்து மூடிவிடுகிறது. காயம் சிறிதாகவும் சரியான இடத்திலும் இருந்தால் சுவர் நிற்கும். நடுத்தண்டையே குறுக்கே வெட்டினால் சுவர் எழுப்ப மரத்தால் இயலாது. மேலே மழைநீர் நிற்கும். உள்ளே உளுத்துக்கொண்டே போகும். வெளியே பச்சையாகத் தெரியும் மரம் உள்ளே பொந்தாகியிருக்கும். வெட்டுவாயில் சாணம், தார், பெயிண்ட் பூசுவதும் பெரிய பயன் தருவதில்லை என்பது அவர் முடிவு.

நம் ஊருக்கென்று இன்னொரு கேடும் உண்டு. விருதுநகர் வெயிலை அறியாதவர் யார்? ஆண்டு முழுவதுக்கும் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். மற்ற மாதங்களில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இதுவரை இலைக்குள் மறைந்திருந்த பட்டையின்மேல் இந்த வெயில் திடீரென்று விழுந்தால் பட்டை வெந்து வெடிக்கும். வெடிப்பில் பூச்சி புகும். மேற்கு வெயிலை வாங்கிக்கொண்டிருந்த மரத்தை மொட்டையடித்தால் அந்த வெயில் வீட்டுச் சுவரில் இறங்கும். பங்குனியில் மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் கட்டும் பணத்தில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

நிற்க. குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நல்லதன்று. எப்படிச் செய்யலாம் என்பதையும் சொல்கிறோம்.

எதை வெட்டலாம்? காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை, முறிந்து தொங்கும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, சுவரிலும் சன்னலிலும் இடிக்கும் கிளை, நடைபாதையில் கண்ணைக் குத்தும் கிளை ஆகியவற்றை வெட்டலாம். இளமரத்தில் இரண்டு உச்சிகள் கிளம்பினால் பலமானதை விட்டு மற்றதை எடுக்கலாம். அதைப் பென்சில் பருமனில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பின்னாளில் பெரிய வெட்டு வெட்டாமலிருக்க இதுவே வழி. கட்டைவிரல் பருமனுள்ள கிளையின் காயத்தை மரம் சீக்கிரம் மூடிவிடும். மணிக்கட்டைவிடப் பருத்ததை வெட்டினால் மூட நெடுநாளாகும்.

எவ்வளவு வெட்டலாம்? மொத்த இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் ஓராண்டில் எடுக்கக் கூடாது. கிழமரமானால் அதிலும் குறைவு. உச்சிக் குருத்தைத் தொடவே கூடாது.

எப்போது வெட்டலாம்? காய்ந்ததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பச்சைக்கிளைக்கு எங்கள் ஊரில் ஏற்ற காலம் தை மாதம் என்போம். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறியிருக்காது, வெட்டுவாய் விரைவில் உலரும். பங்குனி முதல் வைகாசி வரை பச்சைக்கிளையில் கை வைக்காதிருப்பதே நலம். ஆவணியில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, காற்றில் விழக்கூடிய காய்ந்த கிளைகளை மட்டும் நீக்கிவிட்டால் பருவமழைக்கு மரம் தயாராகிவிடும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு இலைக்கொத்து வேண்டுமானால், நீக்கத்தக்க நுனிகளைப் பார்த்து நறுக்குவோம். கைக்கு எட்டியதையெல்லாம் பிய்த்திழுத்துப் பட்டையைக் கிழிக்க வேண்டாம். எந்த மாதமானாலும் கத்தியை எடுக்குமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னான் குருவியும் அணிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கலாம். குஞ்சு பறந்த பிறகு வேலையை வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன குறை?

எங்கே வெட்டலாம்? கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு தடிப்பு தெரியும். மரம் சுவர் எழுப்புவது அந்த இடத்தில்தான். அந்தத் தடிப்பைக் காயப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டச் சீவினாலும் தவறு. முழங்கை நீளக் கட்டையை விட்டாலும் தவறு. பருத்த கிளையானால் மூன்று வெட்டாக வெட்டுவது முறை. தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை தன் பாரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழும். மூன்றாவதாக, மிச்சமுள்ள கட்டையைத் தடிப்பின் ஓரத்தில் எடுத்துவிடலாம். சிறு கிளைக்குக் கவாத்துக் கத்தரி, பெரியதற்குக் கைவாள். அரிவாளை ஓங்கி வெட்டினால் கட்டை சிதறும். சிதறிய காயத்தில் நோய் புகும்.

இவற்றில் பெரும்பாலானவை தரையில் நின்றபடியே நாமே செய்யக்கூடியவை. பெண்பிள்ளைகளுக்கு மரவேலை எதற்கு என்று கேட்பவர் இன்றும் சிலர் இருக்கலாம். தையலில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று பார்த்துப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையா என்ன?

ஆனால் ஏணி வைக்க வேண்டிய உயரமானால் நாம் விலகி நிற்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் வேறு யாரையும் ஏறச் சொல்லாமல் முதலில் மின்வாரிய அலுவலகத்தில் சொல்ல வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்தான் கிளையைத் தொட வேண்டும். பச்சைக்கிளையிலும் மின்சாரம் பாயும். அலுமினிய ஏணியும் இரும்புத் தொரட்டியும் கம்பியில் பட்டால் கண நேரத்தில் உயிர் போய்விடும். கூலிக்கு ஏறுபவரும் ஒரு வீட்டின் தகப்பனார்தான். பனையேறுபவருக்கு இருந்த கயிறும் கருவியும்கூட இல்லாமல் அவரை ஏற்றிவிட்டு, "சீக்கிரம் முடியுங்கள்" என்று கீழிருந்து அவசரப்படுத்துவது தருமமாகாது. இடுப்புக்குக் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பதும், கீழே பிள்ளைகளை நிறுத்தாமலிருப்பதும், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும் வேலை சொன்னவரின் கடமை.

வெட்டிய கிளைகளை என்ன செய்வது? இதைப் பட்டாசு மண்ணில் வாழும் நாம் பிறரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. நம் தோழியர் பலரின் பெற்றோர் அங்கே வேலை செய்கிறார்கள். மருந்து அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் இருக்கக் கூடாது என்ற விதியை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆலைக்குள் அத்தனை கவனமாக இருந்துவிட்டு, தீபாவளிக்கு முந்தின வாரம் மரத்தை மொட்டையடித்து, அந்தக் கிளைகளை மதிலோரம் குவித்துக் காயவிடுகிறோம்! திசை தப்பி வரும் ஒரு ராக்கெட்டுக்கு அந்தக் குவியல் போதாதா? குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும் வேண்டாம். சிறு துண்டுகளாக நறுக்கி மரத்தடியில் பரப்பி, கொஞ்சம் மண்ணும் தூவிவிட்டால் கோடையில் ஈரம் காக்கும், நாளடைவில் உரமாகும். மரம் தந்ததை மரத்துக்கே கொடுத்ததாக இருக்கும். அதனால்தான் வெட்டும் வேலையைத் தீபாவளிக்கு முன் வைத்துக்கொள்ளாமல் தைக்குத் தள்ளிப் போடுங்கள் என்கிறோம்.

எங்கள் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. "இலை உதிர்ந்து பக்கத்து வீட்டில் விழுகிறது, சண்டை வருகிறது" என்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் பக்கம் நீண்ட நுனிகளை ஆண்டுக்கொருமுறை நாமே நறுக்கிக்கொடுத்தால் சண்டைக்கு இடமேது? "வௌவால் வருகிறது, பாம்பு ஏறும்" என்பார்கள். அடிக்கிளைகளில் தரையைத் தொடுவனவற்றை நீக்கி, தூரைச் சுத்தமாக வைத்தால் அந்தப் பயம் பாதி தீரும். "மூன்று சென்ட் மனையில் 40 அடி மரமா?" என்பார்கள். இந்த மறுப்பை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தவறு மரத்தினுடையதா? நடும்போதே நாம் இடத்தையும் மேலே செல்லும் கம்பியையும் பார்க்காமல் நட்டுவிட்டு, பின்னர் ஆயுள் முழுவதும் அதன் தலையை வெட்டிக்கொண்டிருப்பது என்ன நியாயம்? சிறிய இடமானால் நந்தியாவட்டை வைக்கலாம், செம்பருத்தி வைக்கலாம், மருதாணி வேலி போடலாம். அவை நறுக்க நறுக்க அடர்பவை. மருதாணி பறிக்க வரும் தோழியரே அதற்குக் கவாத்து செய்துவிடுவார்கள்! வேகமாக வளர்கிறது, விதவிதமாக வெட்டலாம் என்று நகரங்களில் பரவிய கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தைக் குஜராத் அரசு 2023-இல் நடவே கூடாது என்று தடுத்தது. வெட்டுக்கு வசதியான மரம் என்பதாலேயே ஒரு மரம் வீட்டுக்கு ஏற்றதாகிவிடாது என்பதற்கு அது சான்று.

இனிப் பழமொழியின் பின்பாதிக்கு வருகிறோம். பிள்ளையும் முருங்கையா? அடித்து வளர்ப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைகளாகிய எங்களுக்குக் கண்டிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். உரசும் கிளை எங்களிடமும் உண்டு, வழி மறிக்கும் கிளை எங்களிடமும் உண்டு. அவற்றைப் பென்சில் பருமனிலேயே எடுத்துவிடும் கைகளுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். எங்களுக்கு அச்சம் உச்சிக் குருத்தைப் பற்றித்தான். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துச் சிறுமியர் புத்தகம் பிடிக்க வேண்டிய கையால் தீப்பெட்டி ஒட்டினார்கள். சிவகாசிச் சிறாரை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது இருந்தது. அந்நிலை பெரிதும் மாறியதற்குப் பெற்றோரும் பள்ளிகளும் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் பத்தாம் வகுப்போடு போதும், பன்னிரண்டோடு போதும் என்று நன்றாகப் படிக்கும் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. உயரம் கண்டு பயந்து உச்சியை வெட்டும் பழக்கம் வாசலில் மட்டும் இல்லை.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, அருட்சகோதரிகளே, தோழியரே! இந்த ஆண்டு அரிவாளை எடுக்குமுன் ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து நின்று பார்ப்போம். இது என்ன மரம், இதனிடம் நாம் கேட்பது என்ன, இந்தக் கிளை செய்த இடைஞ்சல் என்ன என்று கேட்டுக்கொள்வோம். விடை கிடைத்தால் அளவோடு வெட்டுவோம். விடை கிடைக்காவிட்டால் தை வரை பொறுத்திருப்போம். முருங்கையை ஒடித்தே வளர்ப்போம். நெட்டிலிங்கத்தைப் பார்த்து வளர்ப்போம்.